பாலத்து விரிசலைத் தேடும் கம்ப்யூட்டர் கண்

2019-ம் ஆண்டு மார்ச் மாதம் 14-ந் தேதி. மாலை மணி ஏழரை இருக்கும்.

மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் ரெயில் நிலையம். ஆபீஸ் விட்ட கூட்டம். ரெயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் ஒரு பக்கம், ரெயிலை விட்டு இறங்கி இரவு வேலைக்குப் போகிறவர்கள் மறுபக்கம். நிலையத்தை ஒட்டி ரோட்டுக்கு மேலே செல்லும் நடைபாலம் நிரம்பி வழிந்தது. "இமாலயா பாலம்" என்று அதற்குப் பெயர்.

திடீரென்று காலடியில் இருந்த தளம் பெயர்ந்தது. ஆட்களோடு ரோட்டில் விழுந்தது. பாலத்தின் இரும்புச் சட்டம் மட்டும் ஒன்றும் நடக்காதது போல மேலே நின்று கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் பக்கத்துச் சிக்னலில் சிவப்பு விளக்கு. வண்டிகள் எல்லாம் சற்றுத் தள்ளி நின்றிருந்தன. அந்தச் சிவப்பு விளக்கு பல உயிர்களைக் காப்பாற்றியது. அப்படியும் 7 பேர் மாண்டார்கள். 30-க்கும் மேற்பட்டவர்கள் காயம் அடைந்தார்கள். இறந்தவர்களில் மூன்று பேர், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இரவு டூட்டிக்குப் போய்க் கொண்டிருந்த நர்சுகள்.

பாலம் விழுந்த செய்தியைவிட, மறுநாள் வந்த செய்திதான் மக்களை அதிகம் கோபப்படுத்தியது. யாரும் எட்டிப் பார்க்காமல் விட்ட பாலம் அல்ல அது! சோதனை நடந்து, அறிக்கையும் எழுதப்பட்டு இருந்தது. "பாலம் உபயோகத்துக்கு ஏற்றது, சில்லறை ரிப்பேர் போதும்" என்பதே அந்த அறிக்கையின் சாரம்.

அப்படியானால் ஒரு பாலத்தை எப்படிப் பார்க்கிறார்கள்? மனிதக் கண் தவற விடுவதை வேறு ஏதாவது கண் பிடிக்குமா?

பிடிக்கும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். அந்தக் கண் கம்ப்யூட்டரின் கண்.

சுத்தியலும் கண்ணாடித் துண்டும்

முதலில் பழைய முறையைத் தெரிந்து கொள்ள வேண்டும். அது ஒன்றும் கேலிக்குரியது அல்ல.

பாலத்தைச் சோதிக்கப் போகிறவரின் பையில் ஒரு சுத்தியல் இருக்கும். காங்கிரீட்டைத் தட்டிக் கொண்டே போவார். நல்ல இடம் "டங்" என்று கெட்டியாக ஒலிக்கும். உள்ளே பெயர்ந்த இடம், பானையைத் தட்டியது போலப் "பொத்" என்று ஒலிக்கும். பல ஆண்டு அனுபவம் உள்ளவர், காதை வைத்தே பாதி நோயைச் சொல்லி விடுவார்.

விரிசலின் அகலத்தை அளக்க ஒரு சிறிய அட்டை உண்டு. அதில் பல தடிப்புகளில் கோடுகள் போட்டிருக்கும். விரிசலின் பக்கத்தில் அட்டையை வைத்து, எந்தக் கோட்டோடு ஒத்துப் போகிறது என்று பார்க்க வேண்டும். விரிசல் வளர்கிறதா என்று அறிய இன்னொரு வேலை செய்வார்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, தேதி எழுதி விட்டுப் போவார்கள். அடுத்த தடவை வரும்போது கண்ணாடி உடைந்திருந்தால், விரிசல் நகர்கிறது என்று அர்த்தம்.

எல்லா விரிசலும் ஆபத்து அல்ல. காங்கிரீட் காயும்போது முடி போல மெல்லிய கோடுகள் விழுவது உண்டு. அவை பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சாதாரணக் கட்டிடங்களில் 0.3 மில்லி மீட்டர் வரை விரிசலைப் பொறுத்துக் கொள்ளலாம் என்று இந்தியத் தர விதி சொல்கிறது. எப்போதும் ஈரம் படும் இடமானால் 0.2 மில்லி மீட்டர்தான்.

ஆனால் உத்தரம் தூணில் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சாய்வாக ஓடும் விரிசலைக் கண்டால் என்ஜினீயர் முகம் மாறி விடும். கம்பி ஓடும் வழியிலேயே நீளமாக விரிசல் விட்டு, அதில் துருக் கறை வழிந்தால் அதுவும் கெட்ட சகுனம். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் ஊதிப் பெரிதாகும். ஊதியது காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். பிளந்த வழியாக மேலும் தண்ணீர் போகும், மேலும் துருப்பிடிக்கும். மும்பை போன்ற கடற்கரை ஊரில் உப்புக் காற்று இதற்குத் தூபம் போடுகிறது.

ஆகவே, விரிசல் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு அகலம், போன வருடத்துக்கு இந்த வருடம் வளர்ந்திருக்கிறதா - இந்த நான்கும் தெரிய வேண்டும். ஒரு பாலத்துக்கு அல்ல, ஆயிரக்கணக்கான பாலங்களுக்கு! இந்திய ரெயில்வேயில் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் பாலங்கள் இருக்கின்றன. அவற்றில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை நூறு வயதைத் தாண்டியவை. அந்தப் பாலங்களுக்கு அடியில் போய், தலையை நிமிர்த்திக் கழுத்து வலிக்கப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

கேஷியருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கம்ப்யூட்டருக்குப் பார்க்கக் கற்றுக் கொடுக்கும் இந்த வித்தைக்கு "டீப் லேர்னிங்" என்று பெயர். தமிழில் ஆழ்கற்றல் என்கிறார்கள்.

பாங்கியில் பல வருடம் வேலை பார்த்த கேஷியரை நினைத்துப் பாருங்கள். கட்டை எண்ணிக் கொண்டே போவார். நடுவில் ஒரு கள்ள நோட்டு வந்தால் விரல் தானாக நின்று விடும். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. லட்சக்கணக்கான நல்ல நோட்டைத் தொட்ட கை, கெட்டதை உணர்ந்து விடுகிறது.

கம்ப்யூட்டரும் அப்படித்தான் பழகுகிறது. "விரிசல் என்றால் கறுப்பாக இருக்கும், வளைந்து ஓடும்" என்று யாரும் அதற்குப் பாடம் எழுதித் தருவது இல்லை. விரிசல் உள்ள போட்டோக்கள் ஆயிரக்கணக்கில், விரிசல் இல்லாத போட்டோக்கள் ஆயிரக்கணக்கில் காட்டுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் "உண்டு", "இல்லை" என்று விடையும் கொடுக்கிறார்கள்.

கம்ப்யூட்டருக்குப் போட்டோ என்பது படம் அல்ல, வெறும் எண்கள். போட்டோவின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண். கறுப்பு என்றால் 0, வெள்ளை என்றால் 255, சாம்பல் நிறம் நடுவில். இந்த எண் கூட்டத்தின் மேல் ஒரு சிறிய சல்லடை நகர்ந்து போகிறது. ஒரு சல்லடை வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஓரத்தைப் பிடிக்கும். அடுத்த அடுக்கில் உள்ள சல்லடை, அந்த ஓரங்கள் சேர்ந்து கோடாகிறதா என்று பார்க்கும். அதற்கும் அடுத்தது, கோடு ஒடிந்து ஒடிந்து ஓடுகிறதா என்று பார்க்கும். இப்படி அடுக்கு மேல் அடுக்கு. அதனால்தான் "ஆழம்" என்று பெயர் வந்தது.

முதலில் கம்ப்யூட்டர் கண்டபடி உளறும். விடை தப்பு என்றதும், எந்தச் சல்லடை எவ்வளவு தப்பு செய்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு, தன் எண்களைத் தானே கொஞ்சம் திருத்திக் கொள்ளும். லட்சக்கணக்கான தடவை திருத்திய பிறகு தேறி விடுகிறது.

இந்த முறை நேற்று முளைத்தது அல்ல. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் யான் லெகுன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியும் அவரது சகாக்களும் 1989-ம் ஆண்டிலேயே இதைச் செய்து காட்டினார்கள். அப்போது அவர்கள் படிக்க வைத்தது, தபால் உறைகளில் கையால் கிறுக்கிய ஊர்க்குறி எண்களை! தபால் இலாகா குமாஸ்தாவின் கண் வலியைப் போக்கப் பிறந்த வித்தை, முப்பது வருடம் கழித்துப் பாலத்துக்கு அடியில் வந்து நிற்கிறது.

நூற்றுக்கு 98

2017-ம் ஆண்டில் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். காங்கிரீட் போட்டோக்களைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டி, 40 ஆயிரம் சதுரங்களைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கினார்கள். நூற்றுக்கு 98 சரியாகச் சொன்னது. அடுத்த வருடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம், பாலத் தளம், சுவர், நடைபாதை என்று 56 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை யாரும் எடுத்துப் பழகலாம் என்று பொதுவில் வைத்தது. அதில் உள்ள மிக மெல்லிய விரிசல் 0.06 மில்லி மீட்டர்!

நூற்றுக்கு 98 என்றால் பாஸ் மட்டுமா, முதல் வகுப்பு! ஆனால் குமாஸ்தா வேலை பார்க்கிறவர்கள் பேப்பரை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பாலத்தின் படங்களை 10 ஆயிரம் சதுரங்களாக வெட்டியதாக வைத்துக் கொள்வோம். பாலம் ஓரளவு நல்ல பாலம். 100 சதுரங்களில்தான் விரிசல். யந்திரம் அதில் 98-ஐப் பிடித்து விடும். இரண்டைத் தவற விடும். மீதி 9 ஆயிரத்து 900 நல்ல சதுரங்களிலும் அது நூற்றுக்கு இரண்டு தப்பு செய்யும் அல்லவா? அது 198. ஆக, "விரிசல், விரிசல்" என்று அது கூவுவது 296 தடவை. அதில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் கூச்சல்!

ஏன் இந்தக் கூச்சல்? நிழல் விழுந்தால் கோடு போலத் தெரியும். காங்கிரீட் போட்டபோது பலகை சேர்ந்த இடத்தில் நேர்கோடு இருக்கும். ஒட்டடை, ஒயர், மழைத் தண்ணீர் வழிந்த தாரை எல்லாம் யந்திரத்தை ஏமாற்றும். யூட்டாவில் பழகிய யந்திரத்தை நம் ஊர் நடைபாலத்துக்குக் கொண்டு வந்தால், வெற்றிலைக் கறையையும் ஒட்டிக் கிழித்த போஸ்டரையும் புதிதாகப் படிக்க வைத்துத்தான் ஆக வேண்டும்!

இருந்தாலும் லாபம் இல்லாமல் இல்லை. 10 ஆயிரத்தைப் பார்க்க வேண்டிய மனிதர் 296-ஐப் பார்த்தால் போதும். தவறிய இரண்டு? அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் ஒரு விரிசல் பல சதுரங்களில் நீண்டு ஓடுவதால், ஒரு துண்டு தவறினாலும் பக்கத்துத் துண்டு காட்டிக் கொடுத்து விடும்.

படம் எடுப்பதும் லேசு அல்ல. 0.2 மில்லி மீட்டர் விரிசல் தெரிய வேண்டுமானால், போட்டோவின் ஒரு புள்ளி காங்கிரீட்டில் 0.1 மில்லி மீட்டர் அளவு இருக்க வேண்டும். நல்ல காமிராவில் குறுக்கே சுமார் 5 ஆயிரம் புள்ளிகள். அப்படியானால் ஒரு போட்டோவில் அரை மீட்டர் அகலம்தான் அடங்கும். ஆயிரம் சதுர மீட்டர் அடித்தளம் உள்ள பாலத்துக்கு ஆறாயிரம் போட்டோக்கள் தேவை! இதற்குத்தான் டிரோன் என்னும் ஆளில்லாக் குட்டி விமானம். கயிற்றில் தொங்காமல், ஆற்றில் படகு விடாமல், தூணைச் சுற்றிச் சுற்றி அது படம் எடுத்துத் தருகிறது.

ஆறாயிரம் போட்டோவையும் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்தால் என்ன ஆகும்? நூறாவது படத்தில் கொட்டாவி வரும். இது வேடிக்கைக்குச் சொல்வது அல்ல. அமெரிக்காவில் நடந்தே இருக்கிறது.

படத்தில் இருந்தது, கண்ணில் படவில்லை

அமெரிக்காவில் மிசிசிப்பி நதியின் மேல் மெம்பிஸ் என்ற ஊரில் ஒரு பெரிய பாலம். 1973-ம் ஆண்டு திறந்தது. ஹெர்னாண்டோ டி சோட்டோ பாலம் என்று பெயர். இரண்டு இரும்பு வளைவுகளைத் தாங்கி "எம்" எழுத்துப் போல நிற்கும்.

2021-ம் ஆண்டு மே 11-ந் தேதி, வழக்கமான சோதனைக்குப் போன என்ஜினீயர்கள் வளைவின் இரு கால்களையும் இழுத்துப் பிடித்திருக்கும் இரும்பு உத்தரத்தின் பக்கத்தில் வந்தார்கள். அதிர்ந்து போனார்கள். உத்தரம் குறுக்கே பிளந்து கிடந்தது! அறிக்கை எழுத அவர்கள் ஆபீசுக்குத் திரும்பவில்லை. நின்ற இடத்திலிருந்தே போலீஸ் அவசர எண்ணுக்குப் போன் செய்து, பாலத்திலிருந்து வண்டிகளை உடனே இறக்கச் சொன்னார்கள். மேலே லாரிகள் நின்றன. கீழே ஆற்றில் சரக்குப் படகுகளும் நின்றன. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில்தான் பாலம் முழுவதுமாகத் திறந்தது.

பிறகு பழைய படங்களைத் தேடி எடுத்தார்கள். 2019-ம் ஆண்டு டிரோன் எடுத்த படத்தில் அதே விரிசல் இருந்தது. அதற்கும் முன்னால், 2016-ம் ஆண்டில் ஆற்றில் துடுப்புப் படகு ஓட்டியவர் எடுத்த போட்டோவிலும் இருந்தது! காமிரா பார்த்து விட்டது. மனிதக் கண்தான் பார்க்கவில்லை. முந்தைய சோதனைகளுக்குப் பொறுப்பாக இருந்த இன்ஸ்பெக்டருக்கு வேலை போயிற்று.

கம்ப்யூட்டரின் கண் வேண்டும் என்று சொல்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அதற்குக் கொட்டாவி வராது. ஆறாயிரமாவது படத்தையும் முதல் படத்தைப் போலவே பார்க்கும். ஆனால் காங்கிரீட்டை மட்டும் படித்த யந்திரத்தை இரும்புப் பாலத்துக்கு அனுப்பினால், அது கணக்குப் பரீட்சைக்குச் சரித்திரம் படித்த பையன் கதைதான். எதைப் பழக்கினோமோ அதைத்தான் அது தேடும்.

வெளியே தெரியாத விரிசலும் உண்டு. அதே அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஒகையோ நதியின் மேல் இருந்த "சில்வர் பாலம்" 1967-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி மாலையில் இடிந்தது. 46 பேர் பலி. காரணம் என்ன தெரியுமா? இரும்புச் சங்கிலியின் ஒரே ஒரு கண்ணியில் இரண்டரை மில்லி மீட்டர் ஆழமே உள்ள விரிசல். கண்ணியைக் கழற்றினால் ஒழிய அதைப் பார்க்க முடியாது. எந்தக் காமிராவும், எந்தக் கம்ப்யூட்டரும் அதை மேலிருந்து கண்டிருக்காது. பாலங்களைக் காலம் தவறாமல் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்கா நாடு முழுவதற்கும் விதி செய்தது இந்த விபத்துக்குப் பிறகுதான்.

நம் பக்கத்திலேயே, மும்பை-கோவா சாலையில் மகாட் ஊருக்குப் பக்கத்தில் சாவித்திரி ஆற்றின் மேல் இருந்த வெள்ளைக்காரர் காலத்துப் பாலத்தை 2016-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி இரவு வெள்ளம் கொண்டு போனது. இரண்டு அரசு பஸ்கள் அதோடு போயின. ஆற்றுத் தண்ணீருக்கு அடியில் நடப்பதைப் போட்டோ சொல்லாது.

ஜப்பானில் செய்ததும் இங்கே நடப்பதும்

ஜப்பானில் 2012-ம் ஆண்டு டிசம்பரில் சசாகோ என்ற மலைச் சுரங்கப் பாதையின் கூரைப் பலகைகள் கார்கள் மேல் விழுந்து 9 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, நாட்டில் உள்ள 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்களையும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கிட்டத்தில் போய்க் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்று 2014-ல் விதி வந்தது. ஆள் போதவில்லை. 2019-ல் விதியைத் திருத்தி, மனிதர் கிட்டத்தில் போய்ப் பார்த்ததற்குச் சமமாக இருந்தால் டிரோன் போன்ற கருவிகளையும் பயன்படுத்தலாம் என்று வழி விட்டார்கள். கவனிக்க வேண்டியது, விதி முதலில் வந்தது. கருவி பின்னால் வந்தது.

இந்தியாவில் மத்திய அரசு 2016-ம் ஆண்டு பாலங்களின் ஜாதகத்தை எழுதும் திட்டத்தைத் தொடங்கியது. தேசிய நெடுஞ்சாலைகளில் உள்ள பாலம், சிறு பாலம், மதகு எல்லாவற்றுக்கும் ஒரு எண், ஒரு பதிவு. மும்பையில் 2018 ஜூலை 3-ந் தேதி அந்தேரி கோகலே பாலத்தின் நடைபாதைப் பகுதி தண்டவாளத்தில் விழுந்த பிறகு, ரெயில் பாதைக்கு மேலே செல்லும் 445 பாலங்களை மும்பை ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து சோதிக்க உத்தரவு பிறந்தது.

தாராவித் தமிழர்களுக்கு இதன் பலன் நேரடியாகத் தெரியும். சயான் ரெயில் நிலையத்தை ஒட்டிய 1912-ம் வருடத்துப் பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று ஐ.ஐ.டி. நிபுணர்கள் சொன்னது 2020-ல். வண்டிகளை நிறுத்திப் பாலத்தை மூடியது 2024 ஆகஸ்டு 1-ந் தேதி. நடுவில் நாள் குறிப்பதும் தள்ளிப் போடுவதுமாக இருந்தது. பள்ளிப் பரீட்சை வந்தது, பிறகு தேர்தல் வந்தது. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் நோய் தெரிந்த பிறகு வைத்தியத்துக்கு நான்கு வருடம்!

குஜராத்தில் வதோதரா, ஆனந்த் மாவட்டங்களை இணைத்த கம்பீரா பாலம் கட்டி 40 வருடம்தான் ஆகியிருந்தது. 2025 ஜூலை 9-ந் தேதி காலையில் அதன் ஒரு கண் அப்படியே மகிசாகர் ஆற்றில் விழுந்தது. லாரிகளும் வேன்களும் விழுந்தன. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். தூணின் மேல் தாங்கும் இணைப்புப் பகுதி நொறுங்கி விட்டது என்று முதல் விசாரணைக்குப் பிறகு மாநில அரசு கூறியது. நான்கு என்ஜினீயர்கள் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். அந்தப் பாலம் ஆடுகிறது என்று ஊர்க்காரர்கள் பல காலமாகச் சொல்லி வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அங்கே விரிசலைக் கண்டுபிடிக்க யந்திரம் தேவைப்பட்டிருக்குமா?

கம்ப்யூட்டர் சிவப்புக் கட்டம் போட்ட படத்தைக் கொடுக்கும். அதோடு அதன் வேலை தீர்ந்தது. அந்த விரிசல் முடிக்கோடா, எமனா என்று சொல்ல அனுபவம் உள்ள என்ஜினீயர் வேண்டும். அவர் பாலத்தை மூடச் சொன்னால் மூட ஒரு அதிகாரி வேண்டும். மூடிய பிறகு எஸ்டிமேட், டெண்டர், பணம். தினமும் அந்த வழியாகப் போகிறவர்களுக்கு மாற்று வழி. இவை எதையும் ஆழ்கற்றல் கற்றுக் கொள்ளவில்லை.

இமாலயா பாலம் இருந்த இடத்தில் புதிய நடைபாலம் 2023 மார்ச் மாதக் கடைசியில் திறக்கப்பட்டது. அதுவரை நான்கு வருடம், ஆபீஸ் விட்ட கூட்டம் ஓடும் வண்டிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து கொண்டிருந்தது.